நீடில்ஸில் நின்ற நீல ஷெவர்லே

சாலா, சுவீடன்
9 பிப்ரவரி 1987

திரு ஹோல்கெர் லிண்டே அவர்களுக்கு,

வெளிநாட்டில் இருந்துகொண்டு பழைய அமெரிக்கக் கார் வாங்குகிறவர்களுக்காக, வண்டியை நேரில் போய்ப் பார்த்து அசலா போலியா என்று சொல்லும் வேலையை நீங்கள் செய்துவருவதாகக் கார்ப் பத்திரிகையில் படித்தேன். "லிண்டே பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் ஒரு கார் வாங்குவதாக இருக்கிறேன். 1957 ஷெவர்லே பெல் ஏர், திறந்த கூரை, வெளிர் நீலம். நீங்கள் இருக்கும் கிங்மனிலிருந்து அறுபது மைல் தள்ளி நீடில்ஸ் என்ற ஊரில், ஒரு பெட்ரோல் பங்க் உரிமையாளரிடம் இருக்கிறது. விளம்பரத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி எண்ணையும் அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அது பின்பக்கம் இருக்கிறது.

மூடிய கூரைக் காரின் மேல்பகுதியை அறுத்துவிட்டு, திறந்த கூரை என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். போன வருடம் மட்டும் அப்படிப்பட்ட இரண்டு வண்டிகள் என் பட்டறைக்கு வந்தன. ஒன்றில் கதவைத் திறந்தால் மறுபடி மூட முடியவில்லை. நடுமுதுகு ஒடிந்து தொங்கியது. வாங்கியவர் என் முன்னால் நின்று அழுதார்.

எனக்கு அந்த நிலை வேண்டாம். தகடுகளையும் சேசிஸையும் பார்த்து, அசலா போலியா என்று எழுதினால் போதும். உங்கள் கட்டணம் எதுவோ அதை அனுப்பிவிடுகிறேன். அதற்கு மேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
ரிக்மோர் ஹால்ஸ்டேன்

*

கிங்மன், அரிசோனா
24 பிப்ரவரி 1987

ரிக்மோர்,

பதினோரு வருடம் எனக்கு மனைவியாக இருந்தவள், பிறகு எட்டு வருடம் ஒரு வரிகூட எழுதாதவள், எழுதும்போது "திரு" போட்டு "அவர்களுக்கு" என்று எழுதுகிறாள். கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். பக்கத்து வீட்டு நாய் வந்து என் கால்சட்டையில் ஒன்றுக்குப் போய்விட்டது. இந்த ஊரில் எனக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். நீயும் "நீ" என்றே எழுதலாம்.

நீடில்ஸுக்கு அடுத்த மாதம் போகிறேன். கட்டணம் வேண்டாம். உறையில் பணம் வைத்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஹால்ஸ்டேன் என்று உன் அப்பாவின் பெயரையே மறுபடி போட்டுக்கொண்டாயா? நல்லதுதான். பட்டறைக் கதவின் மேல் இரண்டு பெயர்களையும் எழுதியிருந்தோமே, என் பெயரைச் சுரண்டினாயா, மேலே பெயிண்ட் அடித்தாயா? கோபமாகக் கேட்கவில்லை. நீ எப்படிச் செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. முன்பெல்லாம் உன் கை எதை எப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். முப்பது வருடமாக மற்றவர்களின் கார்களுக்கு டிங்கர் வேலை பார்த்தவளுக்கு, இப்போது ஏன் சொந்தமாக ஒன்று?

ஹோல்கெர்

*

சாலா
8 மார்ச் 1987

ஹோல்கெர்,

சுரண்டவும் இல்லை, பெயிண்ட் அடிக்கவும் இல்லை. அந்தக் கதவே துருப்பிடித்து விழுந்துவிட்டது. புதுக் கதவில் பெயர் எதுவும் இல்லை. யாருடைய பட்டறை என்று ஊருக்கே தெரியும்.

ஏன் கார் என்று கேட்கிறாய். போன ஆகஸ்டில் ஒரு பல் டாக்டரின் காடிலாக்கை முடித்துக் கொடுத்தேன். ஏழு மாத வேலை. அவர் தன் மனைவியை ஏற்றிக்கொண்டு, கூரையைத் திறந்து, ஏரிப் பக்கமாகப் போனார். வாசலில் நின்று பார்த்தேன். ஆஸ்டா வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, எதிர்ப்பக்கம் ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். "எத்தன வண்டிய இப்படி வழியனுப்பிட்ட?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தியொன்று. ஒன்றில்கூட நான் ஊர் எல்லையைத் தாண்டிப் போனதில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கே கோடை எத்தனை வாரம் என்று உனக்குத் தெரியும்.

அவ்வளவுதான் காரணம். வண்டியைப் பார்த்துவிட்டு எழுது.

ரிக்மோர்

*

கிங்மன்
29 மார்ச் 1987

ரிக்மோர்,

வண்டியைப் பார்த்தேன். வாங்காதே.

தூரத்திலிருந்து பார்த்தால் மயங்கிவிடுவாய். நீலம் அவ்வளவு அழகு. ஆனால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள உடல் தகட்டில் 1067 என்று இருக்கிறது. அந்த எண் திறந்த கூரைக்கு உரியதுதான் என்றாலும், தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் புதியவை. வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தேன். திறந்த கூரை வண்டிக்குச் சேசிஸில் இருக்க வேண்டிய பெருக்கல் குறி போன்ற குறுக்குச் சட்டம் இல்லை. மூடிய வண்டியை அறுத்திருக்கிறார்கள்.

உனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரிந்தே இதை எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனம் தளராதே. இந்தப் பக்கம் நெவாடா வரைக்கும் எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். வேறு ஒன்று தேடித் தருகிறேன். நேரமாகும், அடிக்கடி எழுத வேண்டியிருக்கும். பரவாயில்லையா?

அடியில் படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது. முன்பு நான் ஒரு பக்கம் படுத்து டார்ச் பிடிப்பேன், நீ மறுபக்கம் படுத்துத் தட்டிப் பார்ப்பாய். உன் முகம் சேசிஸுக்கு அந்தப் பக்கம் பாதிதான் தெரியும். இப்போது மறுபக்கம் பாலைவனம்தான் தெரிகிறது.

எழுபத்தெட்டில் நான் மட்டும் முதலில் இங்கே வந்தேன். வசந்தத்தில் நீ வருவதாக இருந்தது. டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. "வரவில்லை" என்று ஒற்றைச் சொல்லில் தந்தி வந்தது. ஏன் என்று நான்கு கடிதங்களில் கேட்டேன். பதிலுக்கு விவாகரத்துத் தாள்கள்தான் வந்தன. இப்போதும் அதையே கேட்கிறேன். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுது.

ஹோல்கெர்

*

சாலா
20 ஏப்ரல் 1987

ஹோல்கெர்,

தகவலுக்கு நன்றி. இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. மூன்றாவது நாள் கோபம் வந்து ஒரு மட்கார்டை அடித்து நேராக்கினேன். இப்போது சரியாகிவிட்டது. நீ பார்க்காமல் நான் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த விஷயத்தில் உன்னைப் போல் ஆள் கிடையாது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

வேறு வண்டி தேடு. அவசரமில்லை.

இத்துடன் உப்பு மிட்டாய் இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். அந்தக் கறுப்பு மிட்டாயை அங்கே யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்று ஆஸ்டா சொன்னாள். அப்படியானால் பங்குக்கு ஆள் வராது.

கடைசியாகக் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். இப்போது வேண்டாம்.

நேற்று முதல் முறையாகப் பட்டறைக் கதவைத் திறந்துவைத்து வேலை செய்தேன். தெருவில் பனி உருகப் போட்ட உப்பும் சேறும்தான், ஆனால் வெயில் இருந்தது. உன் கடிதம் வருகிற நாள் தபால்காரி மணி அடிக்கிறாள். அவளிடம் அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை.

ரிக்மோர்

*

சாலா
6 ஜூலை 1987

ஹோல்கெர்,

சனிக்கிழமை வெஸ்தெரோஸுக்குப் போயிருந்தேன். ஜூலையில் அங்கே கூடும் கார்க் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். நீ அமெரிக்கா கிளம்பிய வருடம்தான் அது தொடங்கியது, இப்போது அதைப் போல் இருபது மடங்கு. புல்வெளி முழுக்கக் குரோமியம். ஆஸ்டா பாலாடையும் ஸ்ட்ராபெரியும் வாங்கப் போனாள். நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அங்கே அது நின்றது. 1957, திறந்த கூரை, வெளிர் நீலம்.

கதவுத் தூணில் இருந்த எண்ணைப் படித்தேன். அதே நீடில்ஸ் வண்டியின் எண், எனக்கு மனப்பாடம். பிப்ரவரியிலிருந்து மார்ச் வரை அதை ஒரு பேரைப் போல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், எவனோ ஏமாந்துவிட்டான், எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். உடல் தகட்டைப் பார்த்தேன். ஆணிகள் பழையவை, அவற்றின் மேல் முப்பது வருடத்துப் பெயிண்ட் அப்படியே இருந்தது. புல்லில் படுத்து அடியில் நுழைந்தேன். வண்டிக்காரன் ஓடி வந்தான். ஓரெப்ரோவைச் சேர்ந்த ரோலண்ட் என்று ஒருவன்.

"ஏங்க, கீழ என்ன பண்றீங்க? எண்ணெய் ஒழுகுதா?"

"ஒழுகல. டார்ச்சக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க."

"இது அசல் வண்டிங்க. சந்தேகமே வேணாம்."

"அதுதாங்க கஷ்டமே" என்றேன்.

குறுக்குச் சட்டம் இருந்தது, ஹோல்கெர். பெருக்கல் குறி மாதிரி, முழுசாக, தொழிற்சாலைக் கறுப்புகூடப் போகாமல். அதைக் கையால் தொட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது ரோலண்ட் பயந்துவிட்டான். "அம்மா, அழுறீங்களா? உக்காருங்க, காப்பி தரட்டுமா?" என்றான். நல்ல பையன். கார் அவனிடமே இருக்கட்டும்.

நீ என்னை விட்டுவிட்டு அமெரிக்கா போனாய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உன் குறட்டை, உன் பிடிவாதம், எதைப் பற்றி வேண்டுமானாலும் ஊரில் பேசியிருப்பேன். ஆனால் ஹோல்கெர் ஒரு தகட்டைப் பற்றிப் பொய் சொல்வான் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஏன் செய்தாய்? எனக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாது என்றா?

ஏன் வரவில்லை என்று கேட்டாயே, இப்போது கேட்டுக்கொள். எழுபத்தொன்பது பிப்ரவரியில் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "வீடு பார்த்துவிட்டேன். சமையலறையில் பெரிய சன்னல். இங்கே டிங்கர் வேலைக்கு ஆட்கள் நிறையக் கிடைக்கிறார்கள். நீ இனி தீப்பொறியில் நிற்கவே வேண்டாம்." இதை எழுதியபோது உனக்குச் சந்தோஷம் என்று எழுத்திலேயே தெரிந்தது. இங்கே நான் ரிக்மோர். நூறு மைலிலிருந்து வண்டி கொண்டுவந்து என்னிடம் விடுகிறார்கள். அங்கே நான் சன்னல் வழியாக என்ன பார்ப்பது? பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தேன். பிறகு தந்தி கொடுத்தேன்.

இனி எழுதாதே.

ரிக்மோர்

*

கிங்மன்
25 ஜூலை 1987

ரிக்மோர்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

வண்டி அசல்தான். பார்த்த முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஐம்பத்தேழுகளில் அதுதான் சிறந்தது. அசல் என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். அந்த உறை மேசையில் ஆறு நாள் கிடந்தது. "அதற்கு மேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அசல் என்ற பதில் கிடைத்ததும் நீ பணத்தைக் கட்டுவாய், கார் கப்பல் ஏறும், எனக்கு இன்னொரு எட்டு வருடம் தபால் பெட்டியில் மின்கட்டணச் சீட்டு மட்டும் வரும். ஏழாம் நாள் உறையைக் கிழித்துவிட்டு அந்தப் பொய்யை எழுதினேன். உனக்கு நல்லது நடக்கக் கூடாது என்றல்ல. உன் கையெழுத்து நின்றுவிடக் கூடாது என்றுதான். இது நியாயம் இல்லை. தெரிந்தே செய்தேன்.

என் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அது. ஒன்று சொன்னவன் இரண்டு சொல்ல மாட்டான் என்று யார் நம்புவது? பத்திரிகைக்கு எழுதி என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன், உன் பெயரைச் சொல்லாமல். இனி யாருக்கும் வண்டி பார்த்துச் சொல்வதில்லை. இங்கே லாரிகளுக்கு பிரேக் வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்குப் போதும்.

அந்த பிப்ரவரிக் கடிதம். அந்த வரிகளை நான் மறந்தே போயிருந்தேன். நீ எடுத்து எழுதியதும் அது நான் எழுதியதுதான் என்று தெரிந்தது. நான் கிளம்புவதற்கு முன்பு உன் வலது மணிக்கட்டில் தீக்காயம் ஆறாமல் இருந்தது. விமானத்தில் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று நினைத்தேன். உன்னைக் கேட்கவே இல்லை. எட்டு வருடமாக இங்கே உட்கார்ந்துகொண்டு, உனக்கு வேறு ஒரு ஆண், பணம், பயம், உன் அப்பா என்று என்னென்னவோ காரணங்களை யோசித்திருக்கிறேன். என் சொந்தக் கடிதம் அதில் ஒன்றாக இருக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை.

ஹோல்கெர்

*

கிங்மன்
15 நவம்பர் 1987

ரிக்மோர்,

இது தொழில் கடிதம். சொந்த விஷயம் எதுவும் இல்லை.

இங்கே ஹர்லன் பிக்கெட் என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் கொட்டகையில் 1957 பெல் ஏர் ஒன்று அறுபத்தொன்பதிலிருந்து நிற்கிறது. திறந்த கூரை. பச்சை நிறம், வெயிலில் வெளுத்துப் பாசி மாதிரி ஆகிவிட்டது. இருக்கைக்குள் எலிக்கூடு. பதினெட்டு வருடமாக யாரும் ஓட்டவில்லை. விளம்பரம் கிடையாது, நான் பிரேக் பார்க்கப் போன இடத்தில் கண்ணில் பட்டது.

படங்கள் முப்பத்தியாறு இத்துடன் இருக்கின்றன. ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு ஆணியும், சேசிஸின் நான்கு பக்கமும். என் கருத்து எதையும் எழுதவில்லை. நீயே பார்த்து முடிவு செய்.

ஹோல்கெர்

*

சாலா
2 டிசம்பர் 1987

ஹோல்கெர்,

ஜூலைக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. படித்தேன். பல முறை.

படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும் தகரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையால் தொடாமல் நான் வாங்கப்போவதில்லை. பிப்ரவரி 6ஆம் தேதி லாஸ் வேகாஸில் வந்து இறங்குகிறேன். இரண்டு வாரம். மோட்டலில் ஒரு அறை சொல்லி வை, உன் வீட்டில் அல்ல. என் சுத்தியல்களை நானே கொண்டுவருகிறேன்.

ஆஸ்டா, "உனக்கு வேணும்கிறது காரா, ஆளா? அதச் சொல்லிட்டுப் போ" என்றாள். "ரெண்டும் பழசு, ரெண்டையும் பாத்துட்டு வரேன்" என்றேன். சிரிக்காதே. நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ரிக்மோர்

*

கிங்மன்
8 மார்ச் 1988

ரிக்மோர்,

வண்டியை நேற்று லாங் பீச் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தேன். முந்நூறு மைலும் டிரெய்லரில் அதை இழுத்துக்கொண்டு போனேன். ஏற்றுகிறவனிடம், "பத்திரம்பா, பின்பக்க மட்கார்டு இன்னும் வெறும் தகரமா இருக்கு" என்றேன். "யோவ், நாங்க கப்பல்ல ரயில் இன்ஜினே ஏத்துறோம்" என்றான். ஏப்ரல் கடைசியில் கோதன்பர்க் வந்து சேரும்.

நீ கிளம்பி இரண்டு வாரமாகிறது. என் ஸ்பேனர்களையெல்லாம் அளவு வாரியாகச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பழையபடி கலைத்துப் போடவும் மனம் வரவில்லை. மோட்டல்காரர் வழியில் பார்த்து, "உங்க வீட்டுக்கு வந்தவங்க நாலாம் நாளே ரூம் சாவியத் திருப்பிக் குடுத்துட்டாங்களே, ரூம் பிடிக்கலையா?" என்று கேட்டார். கட்டில் மெத்தை சரியில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஹர்லனின் கொட்டகையில் நீ துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துத் தகரம் முழுக்கத் தடவிக்கொண்டு வந்தாயே, அப்போது அவர் என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டாய். "வண்டி நல்லா இருக்குன்னு சொல்றாரு" என்று மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது அது இல்லை. "ஏம்பா, இந்தம்மா வண்டி வாங்க வந்துச்சா, மாப்பிள்ளை பாக்க வந்துச்சா? இப்படித் தடவித் தட்டிப் பாக்குது. வண்டிய விடு, இவங்கள விட்றாத" என்றார். அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. இனி உனக்குச் சொன்னதில் ஒன்றும் மாற்றிச் சொன்னதாக இருக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

பின் மட்கார்டில் காந்தம் வழுக்கி விழுந்ததும் நீ என்னைப் பார்த்தாய். உள்ளங்கை அளவுக்குப் பட்டி. அதை நான் கவனிக்கவே இல்லை. பொய் சொன்னேன் என்று நினைப்பாயோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. நீயோ வாய்விட்டுச் சிரித்தாய். "உனக்கும் கண்ணு போயிடுச்சா?" என்றாய். பதினேழாம் தேதி வண்டி முதல் முறை இருமிக்கொண்டு உயிர் பெற்றபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை.

கடைசி நாள் காலையில், இங்கேயே இருந்துவிடு என்றேன். மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டினாய். பெட்டியை நான்தான் வண்டியில் வைத்தேன். இல்லை என்றால் இல்லைதான். மறுபடி கேட்டு உன்னை நெருக்க மாட்டேன். ஆனால் எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. இப்போதெல்லாம் காப்பி இரண்டு பேருக்குப் போடுகிறேன். இரண்டையும் நானே குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஹோல்கெர்

*

சாலா
22 மே 1988

ஹோல்கெர்,

வண்டி வந்தது. துறைமுகத்தில் இருந்த அதிகாரி தாள்களைப் பார்த்துவிட்டு, வண்டியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சையை வேணும்னே வாங்குனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெயிண்டை மாற்றப்போவதில்லை. மட்கார்டில் மட்டும் பட்டியை எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்தேன். அந்த இடத்தில் பச்சை கொஞ்சம் இளசாக இருக்கிறது. இருக்கட்டும்.

வியாழக்கிழமை பதிவு கிடைத்தது. சோதனை செய்தவர் தகட்டையும் சேசிஸையும் ஒப்பிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். ஆறு டிகிரி குளிர். கூரையைத் திறந்தேன். ஆஸ்டா கடை வாசலிலிருந்து, "பைத்தியமா உனக்கு? தொப்பியாவது போடு!" என்று கத்தினாள். சதுக்கத்தில் பையன்கள் தங்கள் பழைய வண்டிகளில் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து, "அத்தை, இத எனக்குக் குடுத்துடுங்க, நான் நல்லா வச்சிருப்பேன்!" என்றான். "உங்கப்பன் வந்து கேட்டாலும் கிடையாதுடா, போ" என்றேன். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டினேன்.

ஹேடமோரா வரைக்கும் போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரையை மூட நிறுத்தவில்லை. வேகமாக ஓட்டினால் நனையாது என்று நீ சொல்வாய். அது உண்மையில்லை, நனைந்தேன். பிர்ச் மரங்களில் இலை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஒரு வளைவில் ஏரி தெரிந்தது. "அங்க பாரு" என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வலது இருக்கையில் என் கைப்பையும் ஒரு பொட்டலம் ரொட்டியும்தான் இருந்தன.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் ஒரு கார் இல்லாததுதான் குறை என்று நினைத்திருந்தேன். கார் இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது. குறை அப்படியே இருக்கிறது.

நான் தலையை ஆட்டியது உன்னோடு இருக்க மாட்டேன் என்று அல்ல. சாலா இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்றுதான். அன்று அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். நீயும் கிங்மனை விட முடியாது. அந்த வெயில் உன் முட்டிவலிக்கு நல்லது என்று நீயே சொன்னாய். இங்கே ஒரு குளிர்காலம் வந்தால் மாடிப்படி ஏற மாட்டாய்.

அதனால் இப்படி யோசித்தேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே என் பட்டறையில் பெயிண்ட் காயாது, வாடிக்கையாளர்களும் வசந்தத்துக்குத்தான் கேட்கிறார்கள். அந்த ஐந்து மாதம் நான் அங்கே வருகிறேன். விருந்தாளியாக இல்லை, ஹர்லனின் நண்பர்களிடம் இன்னும் மூன்று கொட்டகை இருக்கிறது என்றாரே, அவற்றைப் போய்ப் பார்ப்போம். நீ டார்ச் பிடி, நான் காந்தம் பிடிக்கிறேன். இருவரும் சொன்னால்தான் அசல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நீ இங்கே வா. நடுவில் உள்ள மாதங்களில் கடிதம் எழுதிக்கொள்வோம். அதில் நமக்குப் பழக்கம் வந்துவிட்டது.

ஊரில் சிரிப்பார்கள். ஆஸ்டா ஏற்கெனவே சிரித்துவிட்டாள். நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். போன முறை யாரும் யாரையும் கேட்கவில்லை.

ரிக்மோர்

*

கிங்மன்
3 ஜூன் 1988

(அஞ்சலட்டை)

ரிக்மோர்,

சரி. லாரி ஒன்று பாதியில் நிற்கிறது, முடித்துவிட்டு 19ஆம் தேதி கிளம்புகிறேன். நீ போன பிறகு மறுபடியும் கட்டிலின் நடுவில் படுக்கப் பழகியிருந்தேன். நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து ஓரமாகப் படுக்கிறேன்.

ஹோல்கெர்